பந்தயத்திடல் மனுவுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் பழைய புக்கிட் தீமா குதிரைப் பந்தயத்திடலில் வரப்போகும் மறுமேம்பாடு பற்றி நம் பேட்டை எழுதிய மனு போய்ச் சேர்ந்துவிட்டது. மொத்தம் ஏழு பக்கம். முதல் கையெழுத்து என்னுடையது என்பதால் வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்த ஏழில் நானாக எழுதியது ஒரு பக்கம்கூடத் தேறாது. மற்றதெல்லாம் யார் யாருடைய உழைப்பு என்று சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

2024 மே மாதம் அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். 176 ஹெக்டர் நிலம், 15,000 முதல் 20,000 வீடுகள், இருபது முப்பது ஆண்டுகளில் படிப்படியாக. 1933 முதல் 1999 வரை குதிரைகள் ஓடிய இடம். அப்புறம் கடைகளும் பந்து விளையாடும் திடல்களுமாக இருந்த இடம். அந்த வாரமே உட்கார்ந்து நான் எழுதிய முதல் வரைவில் பயத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நம் வீட்டு விலை என்ன ஆகும் என்ற கவலை அதில் இரண்டு இடத்தில் வந்தது.

அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தவள் முனை வீட்டு அக்காவின் மகள். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், விண்ணப்பம் வாங்கிக் கட்டித்தரும் பிடிஓ வீட்டுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்காதவள். "அங்கிள், நாற்பது வருஷத்துக்கு அப்புறம் புக்கிட் தீமாவில் வீவக வீடு கட்டப்போகிறார்கள். அதில் ஒன்று எனக்கே கிடைக்கலாம். என்னை வராதே என்று சொல்கிற கடிதத்தில் நானே எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. மூவறை வீட்டில் ஐந்து பேராக வளர்ந்தவன் நான். அன்று இரவே அந்த வரைவைக் கிழித்தேன். வீடுகள் வரட்டும், எப்படி வரவேண்டும் என்பதைப் பேசுவோம் என்று மனு திரும்பியது அவளால்தான். ரொம்ப நன்றிம்மா.

வடிகால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நம் சீனப் பெரியவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது! 2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை பெய்த மழையில் டனர்ன் சாலை வெள்ளக்காடானதை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆனால் புல்தரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களுக்குப் புரியவைத்தவர் அவர். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை மடித்து வைத்து, குவளையிலிருந்த தண்ணீரில் பாதியை அதன்மேல் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மீதியைக் கண்ணாடி மேல் ஊற்றினார். அது ஓடி என் மடியில் விழுந்தது. 0.2 ஹெக்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள் மழைநீரைத் தேக்கி மெதுவாக விடவேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். அதனால்தான், முதல் கட்ட வேலையிலிருந்தே அந்த ஏற்பாடு இருக்குமா, நம் பக்கத்துக் கால்வாய் தாங்குமா என்று தெளிவாகக் கேட்க முடிந்தது.

காலை ஏழு மணிக்குச் சந்திப்பில் நின்று, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஐந்தைந்து கோடுகளாகக் கார்களை எண்ணிய அம்மாக்களுக்கும், அவர்களுக்குக் குடை பிடித்த மலாய்க்கார அம்மா, நம் மாக்சிக்குக்கும் நன்றி. பந்தயத்திடலுக்கு டர்ஃப் சிட்டி எம்ஆர்டி ரயில் நிலையம் 2032இல்தான் வரும். அதற்குள் குடிவருபவர்கள் எந்தச் சாலையில் போவார்கள் என்ற நம் கேள்விக்கு அந்தக் கோடுகள்தான் ஆதாரம்.

கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் தம்பி, பட்டுக்கோட்டையிலிருந்து வந்தவர், தன் ஒரே விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமையை நமக்குக் கொடுத்தார். வீடு வீடாக வந்து, சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசலின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, விரிசலின் முனையில் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதினார். "பைலிங், அதான் அடித்தளத் தூண் இறக்கும் வேலை, தொடங்கிய பிறகு இந்தக் கோட்டைத் தாண்டினால் உங்களுக்கே தெரியும் அண்ணே" என்றார். வீடுகளுக்கு 150 மீட்டருக்குள் உள்ள தளங்களில் சனி இரவு பத்திலிருந்து திங்கள் காலை ஏழு வரை வேலை கூடாது என்ற விதியும் அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது. சாப்பிட்டுப் போங்கள் என்றோம். அடுத்த வீட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், இருட்டிய பிறகுதான் கை கழுவினார்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நடந்த இரவு பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்ட தொண்டூழியர்களுக்கும், மனுவைச் சீனத்திலும் மலாயிலும் எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கும், பழைய பார்வையாளர் மாடத்தையும் பெரிய மரங்களையும் பற்றிய பக்கத்தைத் தனியாகவே எழுதித் தந்த ஆசிரியைக்கும் மனமார்ந்த நன்றி.

கூட்டத்துக்குக் கொண்டுவந்த மடக்கு நாற்காலிகள் நான்கு எங்கள் வீட்டு வாசலில் இன்னும் இருக்கின்றன. வடை வந்த நீல டப்பாவும் கழுவி வைத்திருக்கிறது. உரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், மணி அடிக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் மூன்றாவது வரிசை வீட்டுக்காரன்