நீளம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். ஆங்கிலத்தின் மிக நீளமான சொற்கள் பற்றித் தங்கள் மாணவர் இணைப்பிதழில் வந்த துணுக்கைப் படித்தேன். 29 எழுத்துகள் கொண்ட 'ஃபிளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்' என்ற சொல்லுக்கு, 'மதிப்பற்றதெனக் கருதுதல்' என்று பொருள் தந்ததோடு நிறுத்திவிட்டீர்கள். சுவையே அப்புறம்தான் இருக்கிறது. ஃபிளாக்சி, நாசி, நிஹிலி, பிலி என நான்கு லத்தீன் சொற்களைக் கோத்த கேலிச்சரம் அது. நான்குமே 'ஒன்றுக்கும் பெறாதது' என்ற பொருளில் வருபவை. முதலாவது கம்பளி இழை, கடைசியானது முடி. (மயிரளவும் மதிக்காத வழக்கம் நம்மிடமும் உண்டுதானே!) 18ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்கும் இச்சொல்லை, 2012இல் பிரிட்டன் நாடாளுமன்றப் பேச்சிலேயே நுழைத்தார் அந்நாட்டு எம்.பி. ஜேக்கப் ரீஸ்-மாக். 2018இல் சசி தரூர், தம் புதிய நூல் வெறும் 400 பக்க 'ஃபிளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்' பயிற்சி மட்டுமல்ல என்று ட்விட்டரில் எழுதி, பலரையும் அகராதியைத் தேட வைத்தார்.

இத்தகைய சொற்களை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்யச் சொல்வதில் பயனில்லை. பிரித்துக் காட்டி விளையாட விடவேண்டும். மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லித்தருபவன் நான். கரும்பலகையில் இதை நான்கு துண்டாக எழுதிக் காட்டியதும், "சார், என் ஓவியத்தை இவன் ஃபிளாக்சி பண்றான்" என்று ஏழாம் வகுப்புப் பையன் புகார் கொடுத்தான். பொருள், இடம் இரண்டும் சரி! இனி இணைப்பிதழில் சொல்லோடு அதன் பிறப்பையும், அதை யாராவது குறும்பாகக் கையாண்ட ஒரு வாக்கியத்தையும் சேர்த்து வெளியிடலாம்.

– வாசகர், தஞ்சாவூர்