கம்மா இடியவில்லை: நகைச்சுவை நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சியிலும் ஓடிடியிலும் நகைச்சுவை நிகழ்ச்சி தயாரிக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் ஆறு வருஷமாக ஸ்டாண்ட்-அப் செய்து வருகிறேன். என் பெயர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்காது. "கம்மா இடிஞ்சிருச்சா?" என்றால் உடனே தெரிந்துவிடும். போன வருஷம் ஐப்பசி மழையில் எல்லோருடைய போனிலும் சுற்றிய 48 விநாடிக் கிளிப் அது. அந்தக் கிளிப்பைப் பற்றியும், அதற்குப் பிறகு உங்கள் தரப்பிலிருந்து எனக்கு வந்த அழைப்புகளைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

பார்க்காதவர்களுக்காக: நான் ஐடி வேலையை விட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்குப் போன் செய்கிறேன். "அப்பா, நான் காமெடி பண்ணப் போறேன்" என்கிறேன். அப்பா பதறிப்போய், "என்னது, கம்மா இடிஞ்சிருச்சா? எப்போ?" என்று கேட்கிறார். ஊர் ஏரியான கண்மாயை எங்கள் பக்கம் கம்மா என்போம். பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டு டார்ச் லைட்டோடு கிளம்பிவிடுகிறார். அரங்கம் சிரிக்கிறது. கிளிப் அங்கே முடிகிறது.

மேடையில் அது ஒன்பது நிமிஷம். மீதி எட்டு நிமிஷமும் அப்பாவின் காது எப்படிப் போனது என்பதுதான்.

அப்பா 32 வருஷம் விசைத்தறி ஓட்டினார். ஒரு தறியில் நாடா, அதாவது ஊடு நூலை இழுத்துப்போகிற கட்டை, நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் மோதும். எட்டுத் தறி ஓடுகிற செட்டுக்குள் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தும் கையசைவை வைத்தும்தான் பேசிக்கொள்வார்கள். இழை அறுந்தால் ஒரு சைகை, முதலாளி வருகிறார் என்றால் ஒரு சைகை, டீ வந்துவிட்டது என்றால் ஒரு சைகை. சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது நானும் அந்தப் பாஷையில்தான் பேசினேன்.

இந்த இரைச்சல் காதை ஒரேயடியாக அடைத்துவிடுவதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுகிற மெய்யெழுத்துகள் மங்கும், உயிரெழுத்துகளின் முழக்கம் மட்டும் மிஞ்சும். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. அப்பாவிடம் கத்திப் பேசிப் பிரயோஜனம் இல்லாததும், 'காமெடி' அவருக்குக் 'கம்மா இடி' ஆனதும் அதனால்தான். காது எதையோ கொடுக்கிறது, அதை மனசு தனக்குத் தெரிந்த சொல்லால் நிரப்பிக்கொள்கிறது. வாழ்நாளெல்லாம் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர் மனசில் இருந்த சொல் கம்மா. கண்மாய் உடைந்தால் அந்த ராத்திரியில் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நகைச்சுவையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அன்று அவர் மழையில் நனைந்தபடி கரையில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினார்.

இன்னொன்றையும் மேடையில் சொல்வேன். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் சத்தம்தான் உச்சம் என்று விதியும் இருந்தது. பத்துப் பேர்கூட வேலை பார்க்காத எங்கள் தெருச் செட்டுகளுக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. இதைச் சொல்லிவிட்டு ஒரு இருபது விநாடி சும்மா நிற்பேன். அரங்கம் அமைதியாகும். அப்புறம் தறி ஓடுகிற சத்தத்தை வாயால் செய்துகொண்டே, சைகையில் அப்பாவும் அம்மாவும் போடும் சண்டையை நடித்துக் காட்டுவேன். மறுபடி வருகிற சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். அந்த இரண்டாவது சிரிப்புக்காகத்தான் நான் இதை எழுதினேன்.

கிளிப் பரவிய பிறகு என் வாழ்க்கை மாறியது. அதை மறைக்க மாட்டேன். நாற்பது பேர் உட்கார்ந்த இடத்தில் இருநூறு பேர் வந்தார்கள். கம்பெனி விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு விழாவில் அந்த வரியை மட்டும் நாலு தடவை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். தறிப் பகுதி ஆரம்பித்தால் பின்வரிசையிலிருந்து "கம்மா! கம்மா!" என்று குரல் வந்தது. கொஞ்ச நாளில் அந்தப் பகுதியை நானே வெட்டினேன். யாரும் என் கையைப் பிடித்து வெட்டவில்லை. புகழ் வந்தால் தலைக்கனம் ஏறும் என்றுதான் எல்லோரும் எச்சரிப்பார்கள். எனக்கு ஏறியது பயம். இந்த ஒரு வரியை விட்டால் திரும்ப நாற்பது பேருக்குப் போய்விடுவோமோ என்கிற பயம்.

அதே சமயத்தில் ஊரில் நடந்தது எனக்கு ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. டீக்கடையில் பையன்கள் அப்பாவின் முகத்துக்கு நேராக வந்து, "பெருசு, கம்மா இடிஞ்சிருச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குக் கிளிப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நிஜமாகவே கேட்கிறார்கள் என்று நினைத்து, "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு, முந்தாநாள் பாத்தேன்" என்று பொறுப்பாகப் பதில் சொல்லியிருக்கிறார். பதினைந்து நாள் இப்படிப் போயிருக்கிறது. கடைசியில் அம்மாதான் சைகையில் விளக்கியிருக்கிறார். அதன் பிறகு அப்பா அந்தக் கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே டீ போட்டுக் குடிக்கிறார்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் உங்களில் ஒருவருடைய நிகழ்ச்சிக்கு நான் ஒப்புக்கொண்டேன். பெயரை எழுதப் போவதில்லை, அது யார் என்பது இங்கே முக்கியமில்லை. முதல் நாள் நாலு நிமிஷம் கொடுத்தார்கள். தறிப் பகுதியைத் திரும்பச் சேர்த்து, சுருக்கிச் செய்தேன். ஒளிபரப்பில் அது இல்லை. நான் பேசாமல் நின்ற இடத்தில், நடுவர் வேறு எதற்கோ சிரித்த ரியாக்‌ஷன் ஷாட்டை ஒட்டியிருந்தார்கள். கேட்டபோது, "அந்த இடத்துல டல் அடிக்குது ப்ரோ" என்றார்கள். அடுத்த சுற்றுக்கு அப்பாவையே மேடைக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். பேச்சோடு பேச்சாக இன்னொரு கேள்வியும் வந்தது: "உங்க வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு நல்லதுன்னா வர்றேன்யா" என்றார். புது வெள்ளைச் சட்டை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்தார். ஒத்திகையில் அவரைச் சோபாவில் உட்கார வைத்தார்கள். அவர் தப்பாகக் கேட்டுச் சொல்ல வேண்டிய பதில்களை முன்பே எழுதி வைத்திருந்தார்கள். நான் எதிரே நின்றிருந்தேன். அப்போது ஒருவர் சோபாவுக்குப் பின்னால் போய், நிஜமாகவே கேட்காதா என்று பார்க்க, "ஐயா... ஐயா..." என்று மெதுவாகக் கூப்பிட்டார். அப்பா அசையவில்லை. ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார்.

அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் சிரிக்கும்போது நாம மட்டும் சும்மா இருந்தா மரியாதையா இருக்காதுல்ல" என்றார்.

அமெரிக்காவில் டேவ் சாப்பல் என்ற நகைச்சுவைக் கலைஞரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தன் பெயரிலேயே ஓடிய தொலைக்காட்சித் தொடரின் மூன்றாவது சீசன் நடுவில், 2005இல், ஏறக்குறைய 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். கறுப்பினத்தவரைப் பற்றிய மட்டமான கற்பனைகளைக் கிண்டல் செய்ய எழுதிய ஒரு காட்சியில் அவரே முகத்தில் கறுப்புச் சாயம் பூசி நடித்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சிரித்த விதம் அவரை உறுத்திவிட்டது. அந்த மனிதர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்ற சந்தேகம் வந்தது. பிறகு அவரே பேட்டிகளில் இதைச் சொன்னார். வெகுநாள் அவர் விலகியதை மிகையென்றே நினைத்திருந்தேன். அந்தச் சோபாவுக்கு எதிரே நின்ற பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, வில்லுப்பாட்டிலிருந்து வந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தனார் காலட்சேபத்தின் பாணியிலேயே அவர் கிந்தனார் காலட்சேபம் செய்தார். ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த பையன் ரயிலேறிப் பட்டணம் போய், படித்து, அதிகாரியாகத் திரும்பி வருகிற கதை. வரிக்கு வரி சிரிப்பு. அதில் ஒரு சிரிப்புகூட அந்தப் பையன் மேல் விழவில்லை, அவனைப் படிக்கவிடாத ஊர் மேல்தான் விழுந்தது. சிரிப்பு யார் மேல் விழ வேண்டும் என்பதை முடிவு செய்வதுதான் எங்கள் தொழிலில் பெரிய வேலை. பஞ்ச் எழுதுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நீங்கள் எடிட் மேசையில் தறிப் பகுதியை வெட்டும்போது, அப்பாவின் காதைக் கெடுத்த தறிச் செட்டின் மேல் விழ வேண்டிய சிரிப்பை அப்பா மேல் திருப்பிவிடுகிறீர்கள். அந்தத் திருப்பலுக்கு நான் உடந்தையாக இருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் எல்லோரும் மனசில்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. வாரம் ஒரு எபிசோட், ஒவ்வொன்றிலும் பத்துப் பேர், ரிமோட்டைக் கையில் வைத்திருக்கிற பார்வையாளர். உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். ஒருவர் மேடையில் செய்ததை வெட்டினால், ஒளிபரப்பும் முன் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள். இப்போது நாங்கள் கையெழுத்துப் போடுகிற தாளில் எல்லா உரிமையும் உங்களுக்குத்தான் இருக்கிறது. மைக் பிடிக்கச் சம்மதித்தவன் நான். என் அப்பாவோ, இன்னொருவனின் குண்டான அக்காவோ, கறுப்பான தம்பியோ சம்மதிக்கவில்லை. ஆடிஷனுக்கு வருகிற பிள்ளைகளிடம் வீட்டில் யாருக்கு என்ன குறை என்று கேட்காதீர்கள். இருபது வயதுப் பையனுக்கு அந்தக் கேள்வி போதும், அடுத்த தடவை வரும்போது அவனே ஒரு குறையைத் தேடிக்கொண்டு வருவான். மேடையில் ஒருவர் பேசாமல் நின்றால், அந்த இடத்தை நிரப்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காபிக் கடையின் மாடியில் மறுபடி ஒன்பது நிமிஷமும் செய்கிறேன். அறுபது நாற்காலி. சில நாள் பாதி காலியாக இருக்கும். "கம்மா" என்று யாராவது குரல் கொடுத்தால், பொறுங்கள், வருகிறது என்று சொல்லிவிட்டுத் தறியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் அப்பா வந்திருந்தார். அதற்கு முன் வீட்டில் வைத்து ஒன்பது நிமிஷத்தையும் அவருக்கு முழுசாகச் செய்து காட்டியிருந்தேன், பாதிப் பேச்சு, பாதிச் சைகை. டீ வந்ததற்கான சைகையைத் தப்பாகச் செய்கிறேன் என்று திருத்தினார். கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் மடக்க வேண்டுமாம்.

அந்த ஒன்பது நிமிஷத்தையும் வெட்டாமல் போட உங்களில் யாராவது தயார் என்றால் எழுதுங்கள், வருகிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்கிறார். அவருக்குச் சோபா வேண்டாம். பார்வையாளர்களோடு முதல் வரிசையில் ஒரு நாற்காலி, என் உதடு தெரிகிற தூரத்தில்.

அன்புடன்,
தறிக்காரர் மகன்