ஆக்ராவில் இறங்கி ஏறும் குடும்பங்களுக்காக ஒரு திறந்த மடல்

ரயில்வே, சுற்றுலா, தொல்லியல் துறைகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து டெல்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரசும் ஜி.டி. எக்ஸ்பிரசும் விடியும் முன்பே ஆக்ரா கண்டோன்மென்ட் நிலையத்துக்கு வந்துவிடுகின்றன. அந்த இருட்டில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சில குடும்பங்கள் இறங்கும். அவர்கள் ஹோட்டலில் அறை எடுக்கப் போவதில்லை. காத்திருப்பு அறையில் பல் துலக்கி, தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் டெல்லிக்குப் போய்விடுவார்கள். என் குடும்பமும் அந்த ரகம்தான். வாடகைக் காரும் வழிகாட்டியும் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி நீங்கள் நிறைய யோசிக்கிறீர்கள். அரை நாள் விருந்தாளிகளான எங்களையும் கொஞ்சம் யோசியுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் வெள்ளிக்கிழமை. அன்று தாஜ்மகாலுக்குப் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. வளாகத்து மசூதியில் தொழுகைக்காக அந்த ஏற்பாடு. அதில் யாருக்கும் மறுப்பிருக்க முடியாது. ஆனால் ரயிலில் எங்கள் அடுத்த வரிசையில் வந்தவர், டெல்லியைப் பார்த்து முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை ஆக்ராவில் இறங்குவதாகத் திட்டம் போட்டு, ஊர் திரும்பும் டிக்கெட் வரை எடுத்து வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் முகம் வாடிவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் அவரைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. ஆக்ராவுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒரே ஒரு வரி போதும்: “வெள்ளிக்கிழமை தாஜ்மகால் இல்லை, ஆக்ரா கோட்டை உண்டு.” இடமிருந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம். யமுனையின் அக்கரையில் இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து அன்றும் தாஜ்மகாலைக் கண்ணாரக் காணலாம்.

அடுத்தது மூட்டை முடிச்சு. தாஜ்மகாலுக்குள் பெரிய பை கூடாது, தின்பண்டம் கூடாது. இந்த விதிகளில் எனக்குக் குறையில்லை. புளியோதரை எண்ணெய் பட்ட கையால் சலவைக்கல்லைத் தடவுகிற ஆட்களை நானே அறிவேன். ஆனால் நிலையத்தின் பொருள் காப்பறையிலோ பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் ஏற்பார்கள். ரயில் பயணக் குடும்பத்தின் சாமான்களில் பாதி, பூட்டே போட முடியாதவை: துணிப்பை, சாப்பாட்டுக் கூடை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. ஆகவே யாராவது ஒருவர் அவற்றுக்குக் காவல் இருக்க வேண்டியதாகிறது. “எனக்கு முழங்கால் வலி, நீங்கள் போய்வாருங்கள்” என்று முன்வருகிறவர் எப்போதும் வீட்டிலேயே மூத்தவர்தான். வாழ்நாளெல்லாம் நாள்காட்டிப் படத்தில் பார்த்த தாஜ்மகாலுக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில், அவர் நடைமேடையில் உட்கார்ந்திருப்பார். இப்படிப்பட்ட பைகளை மொத்தமாக உள்ளே வைத்து முத்திரையிடும் பெரிய பெட்டகங்கள் சிலவற்றை நிலையத்திலேயே வாடகைக்கு வையுங்கள். கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம்.

டிக்கெட் விஷயம் கொஞ்சம் கணக்கு. தொலைவு கூடக் கூட, கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். அதனால் சென்னை–ஆக்ரா, ஆக்ரா–டெல்லி என்று இரண்டாக எடுத்தால் மொத்தச் செலவு கூடுகிறது. முன்பதிவுக் கட்டணமும் இரண்டு முறை. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் வழியில் இறங்கி, இரண்டு நாள் வரை தங்கிவிட்டு, பயணத்தைத் தொடரலாம் என்று உங்கள் விதியே சொல்கிறது. ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களுக்கு மட்டும் அது பொருந்தாது. எங்கள் பெட்டியில் பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. பயணியின் பணத்தை மிச்சப்படுத்தும் விதி மட்டும் ஏன் இவ்வளவு கூச்சப்பட்டு ஒளிந்திருக்கிறதோ! கவுன்ட்டருக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள்.

தொல்லியல் துறைக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். என் அம்மாவுக்குத் தாஜ்மகாலைவிட, கோட்டையிலிருந்து தெரிந்த தாஜ்மகால்தான் பிடித்திருந்தது. 1658 முதல் 1666-இல் இறக்கும் வரை ஷாஜகான் மகனின் காவலில் இருந்தது அந்தக் கோட்டையில்தான். கோட்டையின் எண்கோணக் கோபுரமான முசம்மன் புர்ஜ் பக்கம் நின்று, ஆற்று வளைவில் வெள்ளையாகத் தெரியும் அந்தச் சமாதியைப் பார்த்த அம்மா, “அவர் எட்டு வருடம் பார்த்தார், நாம் எட்டு நிமிடமாவது உட்கார்ந்து பார்ப்போமே” என்றார். நியாயமான ஆசை. உட்காரத்தான் தோதான இடம் இல்லை. அந்தப் பக்கத்தில், பழைய கட்டடத்தைத் தொடாமல், எடுத்து நகர்த்தக்கூடிய பெஞ்சுகள் சில போட்டால் முதியவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். தாஜ்மகாலில் சமாதி மண்டபத்துக்கு மட்டும் தனியாக 200 ரூபாய் வாங்குகிறீர்களே, பெஞ்சுக்கு அதில் இடமிருக்கும்.

ஆட்டோக்காரர்கள் சலவைக்கல் கடை வாசலில் இறக்கிவிட்டு “சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்” என்பது பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அரை நாளில் அரை மணி நேரம் அங்கே போய்விடும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. மே மாத விடுமுறைக்கு வருகிறவர்கள் மார்ச்சிலேயே டிக்கெட் எடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். பெட்டகத்துக்கும் பெஞ்சுக்கும் டெண்டர், கோப்பு, கையெழுத்து என்று காலம் பிடிக்கும், புரிகிறது. வெள்ளிக்கிழமை பற்றிய அந்த ஒரு வரியை மட்டுமாவது அதற்குள் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரயில் பயணி