சுறாப்புட்டு வேண்டாம், நெத்திலி போதும்

நாகப்பட்டினம்,
மே 9

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் பாப்பா மாசமாக இருக்கிறாள், ஐந்தாம் மாதம் என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். பல் விழுந்த வாயோடு என் முந்தானையைப் பிடித்து இழுத்து ஐஸ் கேட்டவளா இவள்!

சம்பந்தியம்மா மீனே ஆகாது என்கிறார். உன் வீட்டுக்காரரோ எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டு மடவை கொண்டுவந்து, "நம்ம ஊர் மீன், துள்ளத் துள்ளப் பிடிச்சது" என்று குழம்பு வைக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு குப்பம் குப்பமாக நடந்த நர்ஸ் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேருமே தப்புடி.

மீனை அடியோடு நிறுத்தினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். அதன் மூளையும் கண்ணும் வளர வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு மத்தியிலும் அயிலையிலும் நெத்திலியிலும் தாராளமாக இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். மத்தி சூடு, கலைத்துவிடும் என்பார்கள். நான் பார்த்த குப்பங்களில் மாசமாக இருந்தவர்கள் தினம் மத்தி தின்றுதான் பெற்றார்கள்.

பயப்பட வேண்டியது பாதரசத்துக்கு. நிலக்கரிப் புகையிலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் அது தண்ணீரில் இறங்குகிறது. அடிச்சேற்றில் இருக்கும் கிருமிகள் அதை மீதைல் பாதரசம் என்ற, உடம்பில் சுலபமாக ஏறும் நஞ்சாக மாற்றிவிடுகின்றன. பொடி மீனில் அது கொஞ்சம்தான். அந்தப் பொடியைத் தின்னும் மீனில் கூடுதல், அந்த மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடுதல். இப்படி வருஷக்கணக்காகத் தின்று வளர்ந்த சுறா, மயில் மீன், பெரிய சூரை இவற்றில்தான் அதிகம் ஏறியிருக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு எவ்வளவு உரசினாலும், புளியில் கொதிக்கவைத்தாலும் போகாது. சதையிலேயே ஊறிக் கிடப்பது அது. அமெரிக்காவில் கர்ப்பிணிகளைத் தொடவே வேண்டாம் என்று சொல்லும் பட்டியலில் நம் வஞ்சிரத்துக்குச் சொந்தக்கார மீன் ஒன்றும் இருக்கிறது. அதனால் பெரிய வஞ்சிரத் துண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு ஊர். ஆலைக் கழிவு கலந்த விரிகுடா மீனைத் தின்று வந்த நோய் 1956இல் வெளியே தெரிந்தது. தாய்க்குப் பெரிதாக எதுவும் தெரியாமலிருந்தும் கைகால் முடங்கிய பிள்ளை பிறந்த வீடுகள் அங்கே உண்டு. தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடச் சிசுவின் ரத்தத்தில் பாதரசம் கூடுதலாகச் சேரும்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் தெரியுமா? பிள்ளை பெற்ற வீடுகளில் எல்லாம் "பால் சுறா வாங்கிப் புட்டு பண்ணிக் கொடுங்க, பால் நல்லா ஊறும்" என்று சொல்லிவிட்டு வந்தவள் நானேதான். பெரியவர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். பால் சுறா சின்ன ஜாதிதான், ஆனாலும் அது மற்ற மீனைத் தின்னும் மீன். தாய்ப்பாலிலும் பாதரசம் கொஞ்சம் இறங்கும். பாப்பாவுக்குப் பிரசவம் ஆனதும் யாராவது சுறாப்புட்டோடு வந்தால் வாங்கி நீயே தின்றுவிடு.

இனி அந்த மடவை. 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தபோது, படகு, வலை, கை எல்லாம் கறுத்துப்போனது என்று நீதானே எழுதினாய்? அனல்மின் நிலையச் சாம்பலும் வருஷக்கணக்காக அங்கே படிகிறது. மடவை அடிச்சேற்றை மேய்வது. மட்டியும் ஆளியும் அந்தத் தண்ணீரையே வடிகட்டித் தின்பவை. எண்ணூரில் பிடிக்கும் ஒவ்வொரு மீனும் நஞ்சு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் அளந்து பார்த்துக் கூறு கட்டுவதில்லையே. பிள்ளை பிறந்து பால் குடி மறக்கும் வரை அந்த மீன் அவள் தட்டுக்கு வர வேண்டாம். துள்ளுகிறதென்றால் புதுசு, அவ்வளவுதான். உன் வீட்டுக்காரரிடம் இதைப் பக்குவமாகச் சொல், கோபக்காரர்.

இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டாள் என்று அழுதாளாமே. அழ வேண்டாம் என்று சொல். இரண்டு குழம்பில் குடி முழுகிவிடாது. ரத்தத்தில் ஏறிய பாதரசத்தில் பாதி கிட்டத்தட்ட 50 நாளில் வெளியேறிவிடும். மாதச் செக்கப்புக்குப் போகும்போது டாக்டரம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். பைபர் படகு கரையேறும் நேரம் பார்த்துக் காலையில் போ. செவுளைத் தூக்கிப் பார், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. மத்தி, நெத்திலி, அயிலை, கிழங்கான், காரப்பொடி எது கிடைத்தாலும் வாங்கு. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வேளைக்கு 100 கிராம் போதும். நண்டும் இறாலும் நன்றாக வேக வேண்டும். கருவாட்டில் உப்பு அதிகம். பிரஷர் இருந்தாலோ கால் வீங்கினாலோ அதைத் தொட வேண்டாம்.

அப்புறம், ஆடி பிறப்பதற்குள் வளைகாப்பை வைத்துவிடு. அதற்குள் படகெல்லாம் கடலுக்குப் போயிருக்கும். நெத்திலியை ஐஸ் பெட்டியில் போட்டு ராத்திரி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். ஆய்ந்து வைக்க மாட்டேன், அந்த வேலை உனக்கு.

உன்,
குட்டை