பாறு சாவது காட்டில், விஷம் ஏறுவது எங்கள் சாளையில்

சத்தியமங்கலம் புலிகள் காப்பக அதிகாரிகளுக்கும், ஈரோடு மாவட்டக் கால்நடைத் துறையினருக்கும் வணக்கம்.

பவானிசாகர் பக்கம் மாடு வைத்துப் பிழைப்பவன் நான். போன வருசம் என் மாட்டுக்கு முன்னங்கால் வீங்கிவிட்டது. ஊசி போட வந்தவர் பையிலிருந்து எடுத்தது மனுசனுக்கான வலி மருந்து டைக்ளோஃபினாக். "இது மாட்டுக்குத் தடையாச்சேங்க?" என்றேன். "வலி நின்னாச் சரிதானுங்களே" என்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மெலாக்சிகம் வாங்க டவுனுக்கு ஓடினேன். பிணந்தின்னிக் கழுகான பாறுக்குக் கெடுதல் செய்யாத மருந்து அது.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று 2006இலேயே தடை வந்துவிட்டது. மனுசனுக்கான குப்பியையும் 2015இல் 3 மில்லியாகச் சுருக்கினார்கள். சின்னக் குப்பியானால் என்ன, வரிசையாக உடைத்தால் தீர்ந்தது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் போய்விடும். குடல், ஈரல் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். கூட்டமாக இறங்கித் தின்கிற பறவை. வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை. மாயாற்றங்கரை நீர்மருத மரத்தில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு அழிய ஒரு மாடே போதும்.

அந்தக் கரையை நம்மைவிட அறிந்தவர்கள் பழங்குடிகளான இருளரும் ஊராளியும். எனக்குப் பழக்கமான இருளர் பெரியவர் ஒருவர், பாறு வட்டமிடுவதைப் பார்த்தே எந்தப் பள்ளத்தில் என்ன செத்துக் கிடக்கிறது என்பார். அவர்களைக் காவலுக்குக் கூப்பிடுகிறீர்கள், சரி. முடிவெடுக்கிற கூட்டத்துக்கும் கூப்பிடுங்கள். வன உரிமைச் சட்டம் காட்டுயிரைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. அதுவும் அதே 2006தான்!

கூடு கணக்கெடுப்பதை அவர்களிடமே கூலியோடு விடுங்கள். எந்த மாட்டுக்கு என்ன ஊசி என்று நாங்கள் நோட்டில் எழுதி வைக்கிறோம். மருந்து படாமல் செத்த மாட்டைப் பாறுக்கு இரையாகக் காட்டோரம் போட அனுமதி கொடுங்கள். சிறுத்தை கன்றை அடித்தால் இழப்பீடு அந்த வாரமே வரட்டும். மாசக்கணக்கில் அலைய விட்டால்தான் யாராவது மிச்சக் கறியில் விஷம் வைக்கிறான்.

முதல் கூட்டத்தை என் சாளை வேப்பமரத்தடியிலேயே வைக்கலாம், டீ என் செலவு. மாயாற்றில் தண்ணி வந்தால் பரிசல் ஓடாது, அக்கரை ஆட்கள் வர முடியாது. அதைப் பார்த்துத் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பவானிசாகர் பக்கத்து மாட்டுக்காரன்