வராமல் போன 4052

அன்புள்ள சேதுவுக்கு,

நீ அனுப்பும் வாட்ஸ்அப்புக்கெல்லாம் கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்புகிறேன் என்று கோபமாக இருக்கிறாயாம். கமலா சொன்னாள். கட்டைவிரலில் அடங்காத விஷயம் ஒன்று சேர்ந்துவிட்டது, அதனால் மகளின் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் குசலம். பேரன் நலம், மகள் நலம். என் சர்க்கரை மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நியூஜெர்சியில் குளிர் இறங்கிவிட்டது. உன் மூட்டு எப்படி? டாக்டர் சொன்னபடி நடக்கிறாயா, இல்லை நடப்பவர்களைப் பார்த்தபடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாயா? சரி, குசலம் முடிந்தது.

மாப்பிள்ளைக்கு ரிக்கார்டுப் பைத்தியம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பேஸ்மென்டில் சுவர் நீளத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார். அவர் ஆபீசுக்குப் போய், பேரனும் தூங்கிவிட்டால் அந்த ராஜ்யம் என்னுடையது. அங்கே ஒரு ஜாஸ் தட்டைப் போட்டேன். அதற்கப்புறம் வேறு எதுவும் காதில் ஏறவில்லை. பெயர் 'ட்ரூ ப்ளூ'. வாசித்தவர் டினா புரூக்ஸ்.

பாட்டுக்காரி என்றுதானே நினைத்தாய்? ஆண்தான். டெனர் சாக்ஸஃபோன். சிறுவயதில் ஆள் பொடியாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், நிஜப்பெயர் ஹரால்டு. வட கரோலினாவில் 1932-இல் பிறந்தவர். ஹாஸ்டல் மொட்டை மாடியில் உன் மர்பி டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பிடிப்போமே, அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திய வில்லிஸ் கோனோவர் வார்த்தை வார்த்தையாக நிறுத்திப் பேசுவாரே, அத்தனை ராத்திரியிலும் இந்தப் பெயர் ஒருமுறைகூட என் காதில் விழுந்ததில்லை. நம் கிளாரினெட் மகாலிங்கத்துக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவனுக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் மாட்டான்.

'ட்ரூ ப்ளூ' 1960 ஜூன் 25 அன்று ஒரே நாளில் பதிவானது. டிரம்பெட்டில் ஃபிரெடி ஹப்பார்ட், பியானோவில் டியூக் ஜோர்டன், பாஸில் சாம் ஜோன்ஸ், டிரம்ஸில் ஆர்ட் டெய்லர். ஆறு உருப்படியில் ஐந்து புரூக்ஸே எழுதியவை. அதில் 'தீம் ஃபார் டாரிஸ்' என்று ஒன்று. இரண்டு குழல்களும் சேர்ந்தே பாடி வந்து, சட்டென்று டெனர் தனியாகக் கிளம்பும். அவசரம் கிடையாது, கத்தல் கிடையாது, மனுஷன் நம்மிடம் தனியாகப் பேச வந்ததுபோல் வாசிக்கிறார். இதற்கு ஆறு நாள் முன்னால் இதே ஹப்பார்டின் முதல் ஆல்பம் 'ஓபன் செசமி' பதிவாகியிருக்கிறது. அதன் தலைப்பு உருப்படியை எழுதியதும் புரூக்ஸ்தான். ஒரே வாரத்தில் இவர் அவருக்கு, அவர் இவருக்கு. ஹப்பார்டின் பெயர் உலகம் முழுக்கப் போனது. இவர் கதை வேறு.

ப்ளூ நோட் ரிக்கார்டு கம்பெனிக்காக புரூக்ஸ் தன் பெயரில் நான்கு முறை ஸ்டூடியோவுக்குள் போயிருக்கிறார்: 1958 மார்ச்சில் ஒன்று, 1960-இல் இரண்டு, 1961 மார்ச்சில் ஒன்று. அவர் உயிரோடிருந்தபோது கடைக்கு வந்தது 'ட்ரூ ப்ளூ' மட்டும்தான். முதல் பதிவு 'மைனர் மூவ்'. அதில் வாசித்தவர்களைப் பார்: லீ மார்கன், சானி கிளார்க், டக் வாட்கின்ஸ், ஆர்ட் பிளேக்கி. இப்படி ஒரு கச்சேரிக்கு நானும் நீயும் பட்டினி கிடந்து டிக்கெட் வாங்கியிருப்போம். அதை எடுத்து, டேப்பைச் சுருட்டி, பெட்டியில் போட்டுவிட்டார்கள். இன்னொன்று 'பேக் டு தி டிராக்ஸ்'. அதற்கு 4052 என்று வரிசை எண் கொடுத்தாயிற்று, அட்டைகூட வரைந்தாயிற்று. தட்டு வரவில்லை. எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சேகரிப்பவர்கள் வருஷக்கணக்கில் பழைய ரிக்கார்டுக் கடைகளில் தேடியிருக்கிறார்கள், அச்சிடவே படாத ஒரு தட்டை!

இதைப் படித்ததும் கம்பெனிக்காரன் கயவன் என்று முடிவு கட்டியிருப்பாய். நானும் முதலில் அப்படித்தான் பல்லைக் கடித்தேன். ஆனால் கதை அவ்வளவு சுலபமாக இல்லை.

கம்பெனியைத் தொடங்கிய ஆல்ஃபிரட் லயன் பெர்லின்காரர், யூதர். 1925-இல் பையனாக இருந்தபோது அங்கே வந்த சாம் வுடிங்கின் கறுப்பர் குழுவைக் கேட்டுப் பித்துப்பிடித்தவர். நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தவர், 1938 டிசம்பரில் கார்னகி ஹாலில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு பியானோக்காரர்களைக் கேட்டார். இரண்டே வாரம், 1939 ஜனவரி 6 அன்று அவர்களை ஒரு ஸ்டூடியோவில் உட்காரவைத்துப் பதிவு செய்துவிட்டார். அதுதான் ப்ளூ நோட். அந்த வருஷக் கடைசியில், போர் தொடங்கிய பிறகு, அவருடைய பால்ய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து சேர்ந்தார். புகைப்படக்காரர். ஒருவர் பதிவைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் கணக்கையும் கேமராவையும் பார்த்துக்கொள்ள, இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்து கம்பெனி நடத்தினார்கள். நாம் மூன்று பேர் சேர்ந்து நடத்திய லெண்டிங் லைப்ரரியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

லயன் செய்த பெரிய காரியம் ஒன்று. பதிவுக்கு முன்னால் ஒத்திகை வைப்பார், அந்த ஒத்திகைக்கும் சம்பளம் கொடுப்பார். பக்கத்துக் கம்பெனி பிரெஸ்டீஜில் அந்தப் பழக்கம் கிடையாது; வா, வாசி, போ. டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1956-இல் மே மாதம் ஒரு நாள், அக்டோபரில் ஒரு நாள் என்று அவர்களுக்கு வாசித்துத் தள்ளியதை நான்கு ஆல்பமாகப் போட்டார்கள். அதுவும் அமிர்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்; மைல்ஸின் குழு தினமும் கிளப்பில் சேர்ந்து வாசித்த குழு, ஒத்திகை தேவைப்படவில்லை. ஆனால் புரூக்ஸ் மாதிரி, புது உருப்படியை எழுதிக்கொண்டு வந்து தினமும் சேர்ந்து வாசிக்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவருக்கு அந்தச் சம்பள ஒத்திகைதான் உயிர். 'ட்ரூ ப்ளூ'வில் இரண்டு குழல்கள் ஒன்றாக மூச்சுவிடுவது காசு கொடுத்து வாங்கிய நேரம்.

இதில் வேடிக்கை, இரண்டு கம்பெனிக்கும் பதிவு செய்தது ஒரே ஆள், ஒரே அறை. ரூடி வான் கெல்டர். பகலில் கண் சோதித்துக் கண்ணாடி எழுதிக்கொடுக்கும் உத்தியோகம். ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீடு கட்டியபோதே ஹாலை ஒட்டி ஒரு கட்டுப்பாட்டு அறையும் நடுவில் கண்ணாடியும் வைத்துக் கட்டியாயிற்று. அந்த வீட்டு ஹாலில்தான் மைல்ஸ் வாசித்தார், பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் வாசித்தார், சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெய்ன்' பதிவானது. கையுறை போட்டுக்கொண்டுதான் கருவிகளைத் தொடுவாராம். வேறு யாரும் விரல் வைக்கக்கூடாது. எந்த மைக்கை எங்கே வைத்தார் என்பது உன் பெரியம்மாவின் வத்தக்குழம்புப் பொடி மாதிரி, கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. வாசித்தது வாசித்தபடி நேராக இரண்டு தடத்து டேப்பில் இறங்கிவிடும். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்தையும் சரிசெய்யும் வேலையெல்லாம் கிடையாது. 1959-இல்தான் கண்ணாடி உத்தியோகத்தை விட்டுவிட்டு எங்கில்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். மரத்தாலான கூரை, 39 அடி உயரம், தேவாலயம்போல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். ஹாக்கன்சாக் வீடு இப்போது இல்லை.

மாப்பிள்ளையிடம் உள்ள 'ட்ரூ ப்ளூ' மறுபதிப்புதான். 1960-இல் அச்சிட்டது வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துத் தட்டே ஒன்று இருக்கிறது, ஆர்கன்காரர் ஜிம்மி ஸ்மித்தின் கீறல் விழுந்த தட்டு. பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றுமே, அந்தக் கறுப்பு வளையத்தை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். 'ஆர்விஜி' என்று வான் கெல்டரின் முதலெழுத்துகள். பக்கத்தில் காதுமடல்போல் ஒரு சின்னச் சுழி. பிளாஸ்டிலைட் தொழிற்சாலையில் அச்சிட்டதற்கு அடையாளமாம். இந்தக் காது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் எழுந்து அழுததுகூடக் கேட்கவில்லை. மகளுக்குச் சொல்லிவிடாதே.

அட்டைகளைப் பற்றியும் உனக்குச் சொல்லவேண்டும், நீ லெட்டரிங் பைத்தியமாயிற்றே. ரீட் மைல்ஸ் என்பவர். வுல்ஃப் எடுத்த படத்தைக் குறுக்கே வெட்டி, ஒரு வண்ணத்தைப் பூசி, எழுத்தைக் கட்டடம்போல் அடுக்குவார். சானி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' அட்டையில் நடந்துபோகும் ஒரு பெண்ணின் கால்கள் மட்டும்தான்! இத்தனை செய்தவருக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடு கிடையாதாம், கேட்பதெல்லாம் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம். நம் தியாகு சினிமா பேனர் எழுதிவிட்டு வீட்டில் தேவாரம் போடுவானே, அந்த ஜாதி.

சரி, ஏன் பெட்டியில் போட்டார்கள்? லயனுக்குப் பதிவு செய்வதில் ஆசை அதிகம். கடைக்கு அனுப்புவது வேறு வேலை. தட்டு அச்சிடவேண்டும், அட்டை அடிக்கவேண்டும், விநியோகஸ்தருக்குக் கடனுக்குக் கொடுத்துவிட்டு அவர் எப்போது பணம் தருவார் என்று வாசலைப் பார்த்திருக்கவேண்டும். தெலோனியஸ் மங்கின் வாசிப்பை 1947-லிருந்து 1952 வரை பதிவு செய்து வெளியிட்டார், தட்டு விற்கவில்லை, ஆனாலும் விடவில்லை. அப்படிப்பட்ட மனிதர்தான் இதையும் செய்தார். ஓடினாலும் வம்பு: 1963 டிசம்பரில் டிரம்பெட்காரர் லீ மார்கனின் 'தி சைட்விண்டர்' பதிவானது. முதலில் 4000 தட்டுதான் அடித்தார்கள், சில நாளில் தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் எங்கே பார்த்தாலும் அந்தப் பாட்டு. விநியோகஸ்தர்கள் அதைப்போலவே இன்னொன்று கொடு, இன்னொன்று கொடு என்று பிடுங்க ஆரம்பித்தார்கள். மார்கன் அதற்கடுத்து 1964 பிப்ரவரியில் பதிவு செய்த 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்' வெளிவந்ததே 1966-இல்தான். அதற்குள் ப்ளூ நோட்டே லிபர்ட்டி என்ற வேறு கம்பெனியிடம் கைமாறிவிட்டது. வெற்றிபெற்றவனையே இப்படிக் காக்கவைத்தார்கள் என்றால் புரூக்ஸ் எம்மாத்திரம்?

சேது, நான் சொல்ல வந்தது இனிமேல்தான். புரூக்ஸ் பெயரில் 1961-க்குப் பிறகு யாரும் எதையும் பதிவு செய்யவில்லை. ஹெராயின் பழக்கம், உடம்பு கெட்டது. 1974 ஆகஸ்டில் இறந்தபோது வயது 42. அதற்கு மறுவருஷம் மைக்கேல் கஸ்குனா என்பவர் ப்ளூ நோட்டின் டேப் கிடங்குக்குள் நுழைய அனுமதி வாங்கினார். அதற்கு முன்பே, எங்கே இசைக்காரர்களைப் பார்த்தாலும் 'பதிவு செய்தோம், வரவில்லை' என்று அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்த ஆள். அவரும் சார்லி லூரியும் 1983-இல் மொசைக் என்று ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி, 1985-இல் புரூக்ஸின் நான்கு பதிவுகளையும் நான்கு தட்டுகளாக ஒரே பெட்டியில் கொண்டுவந்தார்கள். ஆள் போய்ப் பதினொரு வருஷம்.

மகாலிங்கத்தின் காரியத்தன்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 'வாசித்தான், அவ்வளவுதான், யார் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன' என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும்தான். இப்போது கோபம் வருகிறது, உன்மேல். வாசித்தவனுக்குத் தட்டு வெளிவராதது என்ன செய்கிறது என்று யோசி. தட்டு இருந்தால்தான் ரேடியோவில் போடுவான், ரேடியோவில் போட்டால்தான் கிளப்காரன் கூப்பிடுவான், கிளப்பில் வாசித்தால்தான் அடுத்த ஆல்பம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மனுஷன் தெருவில். ஒத்திகைக்குச் சம்பளம் கொடுத்த புண்ணியவானே, தட்டையும் போட்டிருக்கக்கூடாதா என்று பேஸ்மென்டில் தனியாக உட்கார்ந்து லயனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். லயன் எடுத்திருக்காவிட்டால் இன்று சண்டைபோடவும் எனக்கு ஒன்றும் இருந்திருக்காது, அதுவும் தெரியும்.

மகாலிங்கத்தின் கேசட்டுகள் உன் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. மறுக்காதே, பாத்திரங்களோடு அந்தப் பிஸ்கட் தகரத்தைக் கமலா பார்த்திருக்கிறாள். மாடி அறையில் அவன் கிளாரினெட்டில் கரகரப்ரியா வாசித்த ராத்திரி உட்பட எல்லாம் அதில் இருக்கவேண்டும். ஓட்டுக்கு அடியில் சித்திரை வெயில் இத்தனை வருஷம் அடித்திருக்கிறது. உடனே இறக்கு. அவன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, அவள் சரி என்றால் கணினியில் ஏற்றும் செலவு என்னுடையது. நான் தை பிறந்ததும் வந்துவிடுவேன், அதுவரை காத்திருக்காதே. ஒவ்வொரு கேசட்டின்மேலும் என்ன எழுதியிருக்கிறது என்று போனில் படம் எடுத்து அனுப்பு, தேதி அழிந்திருந்தாலும் பரவாயில்லை.

தயவுசெய்து உன் டெக்கில் போட்டுப் பார்க்காதே. அந்த பெல்ட் தொய்ந்துபோய் என் இரண்டு கேசட்டைத் தின்றது. முதலில் பென்சிலைச் செருகி மெதுவாகச் சுற்றிப் பார், டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. ஒட்டியிருந்தால் இழுக்காதே, அப்படியே வை. விவரம் தெரிந்த ஆளை நான் இங்கிருந்தே விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு