அந்த மூன்று வரி: மலேசியத் தமிழ் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே, பதிப்பாளர்களே, வணக்கம்.

கோலாலம்பூரின் செந்தூலில் பதினாறு ஆண்டுகளாகச் சின்னதாக ஒரு புத்தகக் கடை நடத்துகிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு நூல்கள் பதிப்பிக்கவும் செய்கிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். உங்கள் வெளியீட்டு விழாக்களில் மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள் நான்தான். சென்ற மாதம் கோலாலம்பூரில் நடந்த ஒரு நூலகர் மாநாட்டில் முதன்முறையாகப் பூத் எடுத்து மூன்று நாள் இருந்தேன். அங்கே கண்டதை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

"நூலகங்கள் நம் புத்தகங்களை வாங்குவதில்லை" என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். இனி பேச மாட்டேன். வாங்க நினைக்கிற நூலகர்களை நேரிலேயே பார்த்துவிட்டேன். நம் நூல் இன்னதென்று அவர்களுக்குத் தெரிய நாம் ஒரு வழியும் செய்து வைக்கவில்லை.

2018 ஆகஸ்டில் உலக நூலகர் மாநாடே நம் கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடந்தது. 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சமயங்களில் எல்லாம் இது நமக்கான இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகச் சந்தை என்றால் போவேன், விற்பேன். நூலகர்கள் கூடுகிற இடத்தில் கடைக்காரிக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

இந்த முறை என் மகள் விடவில்லை. பூத் வாடகை எங்கள் கடையின் இரண்டு மாத வாடகைக்குச் சமம். கொடுத்தது மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம், மூன்று பக்கமும் வெள்ளைத் தடுப்பு, நெற்றியில் பெயர்ப் பலகை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்செருகி. முந்தின நாள் மாலை குறிப்பிட்ட நேரத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கி அடுக்கிவிட வேண்டும். மைவி காரில் பதினான்கு பெட்டி ஏற்றிக்கொண்டு போனோம். சொந்தமாக ஒரு தள்ளுவண்டி கொண்டுபோங்கள், அங்கே இருக்கும் வண்டிக்கு நீண்ட வரிசை நிற்கிறது. பக்கத்துப் பூத்தில் மின்னூல் தரவுத்தளம் விற்றார்கள், எதிரே நூலக அலமாரி, அதற்கு அடுத்து புத்தகம் திருடு போகாமல் காக்கும் மின்னணு வாசல். ஒரு மொழியின் நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது நாங்கள்தான்.

நூற்றெண்பது தலைப்புகளைக் கொண்டுபோய் முதுகு தெரிய வரிசையாக அடுக்கியிருந்தேன். முதுகில் எல்லாம் தமிழ் எழுத்து. விலைப்பட்டியலும் தமிழில்தான். முதல் நாள் காலை முழுக்க வந்தவர்கள் புன்னகைத்தார்கள், முத்திரை வாங்கினார்கள், போனார்கள். எல்லாப் பூத்திலும் முத்திரை வாங்கி அட்டையை நிரப்பினால் குலுக்கலில் பரிசு உண்டு. அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

மதியம் ஒரு மலாய்ப் பெண் நூலகர் வந்தார். பழைய ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் கிளை நூலகம் அவருடையது. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, "காக் (அக்கா), இது யார் படிக்கிற புத்தகம்?" என்று கேட்டார். சிறுவர் கதை, ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு என்றேன். அடுத்ததை எடுத்தார். அது கவிதை. அதற்கடுத்தது தோட்ட வாழ்க்கை நாவல். இருபது நிமிடம் இப்படியே போனது. அப்புறம் அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வருகிறார்கள். தமிழ் அலமாரி எங்கே என்று கேட்கிறார்கள். அவரும் ஆண்டுதோறும் வாங்கத்தான் செய்கிறார். ஆனால் தமிழ் படிக்கத் தெரியாததால் விநியோகிப்பவர் அனுப்புவதை அப்படியே வாங்கிக்கொள்கிறார். ஒரு முறை சிறுவர் நூல்கள் என்று வந்த கட்டைப் பிரித்து அடுக்கிவிட்டார். அதில் பாதி சமையலும் சோதிடமும் என்று ஒரு பிள்ளையின் அம்மா வந்து சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அனுப்பியவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அந்த இடத்தில் நாம் யாருமே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அன்றிரவு நானும் மகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். அறுபது நூல்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் மலாயில் மூன்று வரி எழுதினோம். முதல் வரியில் தலைப்பை ரோமன் எழுத்தில் தந்து அதன் பொருளையும் சொன்னோம். அடுத்த வரியில் கதையா, கவிதையா, கட்டுரையா, எந்த வயதினருக்கு என்று எழுதினோம். மூன்றாவது வரியில் எதைப் பற்றியது என்று. சீட்டை அட்டைக்குள் செருகி, மறுநாள் நாற்பது நூல்களை மட்டும் முகப்பு தெரிய நிறுத்தினோம். புத்தகமும் ஆளும் அதேதான். ஆனால் அன்று நின்று படித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், விலைப்புள்ளி கேட்டார்கள்.

இதை ஏன் நாம் அச்சிடும்போதே பின்னட்டையில் போடுவதில்லை? வாழ்த்துரை, அணிந்துரை, நன்றியுரை என்று பதினைந்து பக்கம் ஒதுக்குகிறோம். மூன்று வரி மலாய்க்கு இடமில்லாமல் போகாது.

இரண்டாம் நாள் வந்த ஒரு பல்கலைக்கழக நூலகர் பட்டியலிடும் பிரிவில் வேலை செய்பவர். தன் மடிக்கணினியில் நம் நூல்கள் இருக்கும் நிலையைக் காட்டினார். செல்வம் என்று ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அட்டையில் ஒரு முறை 'எஸ்' போட்டு எழுதுகிறோம், அடுத்த நூலில் 'சிஎச்' போடுகிறோம். நூலகங்கள் பின்பற்றும் ஒலிபெயர்ப்பு முறையிலோ அது 'சி'யில் தொடங்குகிறது. ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று எழுத்தாளராகக் கிடக்கிறார். போதாததற்கு அடையாள அட்டையில் அனாக் லெலாக்கி (இன்னாரின் மகன்), அனாக் பெரெம்புவான் (இன்னாரின் மகள்) என்று அப்பா பெயர் சேர்ந்திருக்கிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி அதன் கீழ் பதிந்தவையும் உண்டு. புனைபெயர் வேறு இருந்தால் நான்காவது இடம். தமிழ் என்ற சொல்லையே நாம் கடைசியில் 'இசட்எச்' போட்டுத் தேடினால் வராது. அவர்கள் முறையில் ழகரம் என்பது அடிக்கோடிட்ட 'எல்'.

தமிழ் எழுத்திலேயே தேட முடியாதா என்று கேட்டேன். முடியும் என்றார். நூலகப் பதிவில் 880 என்று ஒரு புலம் இருக்கிறதாம். மூல எழுத்தை அப்படியே அதில் இடலாம். சீன நூல்களுக்கு அதைச் செய்கிறார்கள். தமிழுக்குத் தட்டச்சு செய்து சரிபார்க்க அவரிடம் ஆள் இல்லை. "நீங்கள் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் யூனிகோடில் அனுப்பினால் நான் ஒட்டிவிடுவேன்" என்றார். கணினியில் தமிழைத் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல் மென்பொருள் பிறந்த நாடு இது. கைப்பேசியில் நாள் முழுக்கத் தமிழில் தட்டிக்கொண்டிருக்கும் நம்மால் ஒரு தலைப்பைத் தட்டி அனுப்ப முடியாதா?

அவர் சொன்ன இன்னொன்றும் கேளுங்கள். நூல்களைத் துறைவாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூவி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அதோடு 1 சேர்த்தால் கவிதை, 3 சேர்த்தால் கதை. எது எது என்று தெரியாதபோது 894.811 என்பதோடு நிறுத்திவிடுகிறாராம். உங்கள் நாவலும் உங்கள் நண்பரின் மரபுக் கவிதையும் ஒரே எண்ணில் கலந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அதற்கும் அந்த மூன்று வரி போதும்.

சரி, சட்டப்படி நாம் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சு நூல் ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்திடம் கொடுக்க வேண்டும். முந்நூறு பிரதி அச்சடிக்கிறவருக்கு ஐந்து பிரதி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், எனக்கும் தெரிந்தது. என் முதல் இரண்டு நூல்களை நான் கொடுக்கவில்லை. இன்று அவற்றில் ஒன்று என் கடையிலேயே இல்லை. எழுதியவர் காலமாகிவிட்டார், அவர் பேரன் வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த ஐந்தைக் கொடுத்திருந்தால் துன் ரசாக் சாலைக் கட்டடத்தில் அது பத்திரமாக இருந்திருக்கும். தேசிய நூற்பட்டியலிலும் ஏறியிருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் தருவதும் அதே தேசிய நூலகம்தான். அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பித்தால் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் போட வேண்டிய பட்டியல் விவரத்தையும் தருகிறார்கள். விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு அச்சகத்துக்கு ஓடுவதால்தான் இதெல்லாம் நம்மிடம் விடுபட்டுப்போகிறது.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளில் கையில் காசு கொடுத்து விற்றது பதினொரு புத்தகம். நூலகங்கள் அப்படி வாங்குவதில்லை. விலைப்புள்ளி கேட்பார்கள், எல்ஓ எனும் கொள்முதல் ஆணை வரும், புத்தகத்தையும் விலைப்பட்டியலையும் அனுப்ப வேண்டும், பணம் பிறகு வரும். அரசு நூலகங்கள் பல, நிதியமைச்சில் பதிந்த நிறுவனமா என்று பார்க்கின்றன. ஆண்டுக் கடைசியில் கேட்டால் ஒதுக்கீடு முடிந்திருக்கும். ஒரு நூல் இரண்டு நூல் வைத்திருக்கும் எழுத்தாளர் தனியாக இதில் இறங்குவது கடினம். வெளியீட்டு விழாவில் பிரமுகர் முதல் பிரதியை ஐந்நூறு ரிங்கிட் கொடுத்து வாங்குவதோடு நம் கணக்கு முடிந்துபோவதும் இதனால்தான். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அச்சுக் கடன் அடைவதே அதில்தான். ஆனால் மீதி இருநூறு பிரதி கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடக்கிறதே, அது மனத்தை அறுக்கிறது.

கடைசி நாள் மாலை பெட்டி கட்டும் நேரத்தில் நூலகவியல் படிக்கும் ஒரு மலாய் மாணவி முத்திரைக்கு வந்தாள். தமிழ் நூல்கள் என்றதும், "ரங்கநாதன் உங்கள் ஆளா?" என்று கேட்டாள். முதல் பருவத்திலேயே அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளைப் படித்திருக்கிறாள். ஆமாம் அம்மா, சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் என்றேன். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் மூன்றாவதை அவளே மலாயில் சொன்னாள்: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். அவர் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் குறிப்பேட்டை நீட்டினாள். எழுதிக் கொடுத்தேன். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. அவள் அந்த எழுத்துகளை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

அடுத்த மாநாட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரே பூத் எடுக்கலாம். எட்டுப் பேர் பங்கு போட்டால் ஒருவருக்குச் சுமை இல்லை. என் கடை நிதியமைச்சில் பதிவதற்கான வேலையைத் தொடங்கிவிட்டேன், முடிந்ததும் உங்கள் நூல்களுக்கும் அதன் வழியாகவே விலைப்புள்ளி அனுப்பலாம். உங்கள் பெயரை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு முறை முடிவு செய்து, எல்லா நூலிலும் அதையே போடுங்கள். மலாய் எழுதத் தயக்கம் என்றால் ஞாயிறு மதியம் கடைக்கு வாருங்கள், என் மகள் இருப்பாள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம். எழுத்தாளர் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உடனடியாக ஒன்று வேண்டும். அந்தக் கிளை நூலகருக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான மலேசியத் தமிழ் நூல்கள் முப்பதின் பட்டியலை இந்த மாதக் கடைசிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் பதினான்குதான் இருக்கிறது. மீதி பதினாறு உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும். எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
செந்தூல் புத்தகக் கடைக்காரி